மாட்ரிட்டில் அரை நாள்: அரண்மனைக்குள் போவதா, அல்முதேனா பேராலயத்துக்குள் போவதா?

ஐரோப்பாவைப் பத்து நாளில் சுற்றும் திட்டத்தில் மாட்ரிட்டுக்கு ஒதுங்குவது பெரும்பாலும் ஒன்றரை நாள். அதில் ஒரு பகலைப் பிராதோ ஓவியக்கூடம் தின்றுவிடும். மீதி அரை நாளில் அரச அரண்மனையைப் பார்ப்பதா, அதற்கு எதிரே நிற்கும் அல்முதேனா பேராலயத்தைப் பார்ப்பதா, அல்லது இரண்டையும் ஓட்டமாக முடித்துவிடலாமா? கிளம்புவதற்கு முந்தைய வாரம் இந்தக் கேள்வியோடு வராத நண்பர்கள் குறைவு.

நான் இருமுறை போயிருக்கிறேன். முதல்முறை தனியாகப் போய் ஏறக்குறைய எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். இரண்டாம்முறை எழுபதைத் தாண்டிய அம்மாவை அழைத்துப்போனேன். கீழே உள்ள கணக்கு பெரும்பாலும் அந்த இரண்டாம் பயணத்தில் போட்டது.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். நடுவே ஆயுதசாலைச் சதுக்கத்தை வைத்துக்கொண்டு இரண்டு கட்டடங்களும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. அதே வெளிர்நிறக் கல், அதே வரிசைத் தூண்கள். புகைப்படத்தில் பார்த்தால் ஒரே காலத்து அண்ணன் தம்பி போலத் தோன்றும். உண்மையில் அரண்மனைக்கு அடிக்கல் நாட்டியது 1738இல். மன்னர் மூன்றாம் கார்லோஸ் குடியேறியது 1764இல். பேராலயத்துக்கு அடிக்கல் விழுந்தது 1883இல். போப் இரண்டாம் ஜான் பால் வந்து அதை அர்ச்சித்தது 1993 ஜூன் 15 அன்று. இதைப் படிப்பவர்களில் பலர் அந்தப் பேராலயத்தைவிட வயதில் மூத்தவர்கள். அரண்மனையோடு ஒத்துப்போகட்டும் என்றே இருபதாம் நூற்றாண்டில் அதன் வெளித்தோற்றத்தை மாற்றி வரைந்தார்கள். ஆகவே ‘எது பழமையானது’ என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால், டோலேடோவிலோ செவில்லாவிலோ பார்த்த, கூர்வளைவுகள் கொண்ட இடைக்கால கோதிக் பேராலயத்தை எதிர்பார்த்து உள்ளே போய் ஏமாறுவீர்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஐந்து விஷயங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது நேரம். அரண்மனைக்கு, வாசலில் நடக்கும் பாதுகாப்புச் சோதனையையும் சேர்த்து, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பேராலயத்தின் நடுக்கூடத்துக்கு அரை மணி போதும்; மேலே குவிமாடம், கீழே நிலவறை ஆலயம் என்று சேர்த்தால் அதுவும் இரண்டு மணியைத் தொட்டுவிடும்.

இரண்டாவது பணம். அதோடு ஒட்டிக்கொண்டு வருவது பாஸ்போர்ட். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மூன்றாவது கால். இங்கே ஏறவும் இறங்கவும் நிறைய இருக்கிறது. கோடை என்றால் நிழலே இல்லாத சதுக்கத்தையும் கணக்கில் சேருங்கள்.

நான்காவது கிழமை. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பாதி ஏமாற்றங்களுக்குக் காரணம் இதுதான்.

ஐந்தாவது, நீங்கள் எதைப் பார்க்க வந்தீர்கள் என்பது. பொருள்களையும் அறைகளையும் பார்க்கவா, உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கவா, அல்லது ஓரமாக உட்கார்ந்து ஒரு செபம் சொல்லவா? மற்ற நான்கும் இழுபறியாக நிற்கும்போது இதுதான் தீர்ப்புச் சொல்லும்.

## அரண்மனைக்குள்

இப்போதைய மன்னர் இங்கே வசிப்பதில்லை. ஊருக்கு வெளியே சார்சுவேலா மாளிகையில் இருக்கிறார். அரசு விழாக்களுக்கு மட்டுமே இந்த அரண்மனை. 3,418 அறைகள் என்பார்கள். நமக்குத் திறந்துவிடுவது அதில் சிறு துளிதான் என்றாலும் அந்தத் துளியே கண்ணை நிறைத்துவிடும்.

இதே இடத்தில் முன்பு அல்காஸார் என்ற பழைய கோட்டை அரண்மனை இருந்தது. 1734 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அது தீப்பிடித்து எரிந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் சாம்பலாயின. பிராதோவில் இன்று கூட்டம் முண்டியடிக்கும் வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ அன்று காயத்தோடு தப்பியது. சூடு கண்ட மன்னர் ஐந்தாம் ஃபெலிப்பே, புதிய அரண்மனையைக் கல்லாலும் செங்கல்லாலும் வளைவு மாடங்களாக எழுப்பச் சொன்னார். மரத்தை நம்பாத அந்தக் கட்டுமானம்தான் உள்ளே நடக்கும்போது காலடிச் சத்தத்துக்கு ஒரு குகை முழக்கத்தைக் கொடுக்கிறது.

கட்டடக் கலைஞர் சபாத்தினியின் பெரிய படிக்கட்டில் ஏறும்போது அம்மா சொன்னது: “படி எவ்வளவு தாழ்வு பார், நம் வீட்டு மாடிப்படியை இப்படிக் கட்டியிருக்கலாம்.” முட்டிவலிக்காரர்களுக்கு இது நல்ல செய்தி. அகலமான, தாழ்ந்த படிகள், நிதானமாக ஏறலாம்.

அரியணை மண்டபத்துக்காகவே டிக்கெட் எடுக்கலாம் என்பது என் கட்சி. சிவப்பு வெல்வெட் சுவர், பெரிய கண்ணாடிகள். விதானம் முழுக்க வெனிஸிலிருந்து வந்த தியேபோலோ தம் முதுமையில் தீட்டிய ஓவியம். அண்ணாந்து பார்ப்பவர்கள் கீழே இருக்கும் வெண்கலச் சிங்கங்களைத் தவறவிடுகிறார்கள். அரச மாளிகைக்காக வெலாஸ்கெஸ் இத்தாலியில் ஏற்பாடு செய்து வார்த்த சிங்கங்கள் அவை. அல்காஸார் தீயில் தப்பியவை. கஸ்பாரினி அறையில் சுவரே தெரியாத அளவுக்குப் பூவேலை. ‘இதில் எப்படித் தூங்குவார்கள்’ என்று தோன்றும். தூங்க அல்ல, மன்னர் உடை உடுத்திக்கொள்ளும் அறை அது. புகழ்பெற்ற வயலின் தச்சர் ஸ்ட்ராடிவாரியின் கையால் செய்து ஒரே தொகுதியாக அலங்கரித்த நான்கு தந்தி வாத்தியங்களும் இங்கேதான் உள்ளன. தூண்கள் மண்டபத்தில் சற்று நில்லுங்கள். 1985 ஜூன் 12 அன்று ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஒன்றியத்தின் முன்னோடி) சேர்ந்த ஒப்பந்தத்திலும், 2014இல் மன்னர் ஹுவான் கார்லோஸ் தம் பதவி துறப்புச் சட்டத்திலும் கையெழுத்திட்டது அங்கேதான்.

ஆயுதசாலை திறந்திருந்தால் விடாதீர்கள். 1547இல் மூல்பெர்க் போரில் பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் அணிந்த கவசம் அங்கே இருக்கிறது. அதே கவசத்தோடு குதிரைமேல் அவர் அமர்ந்திருப்பதை டிஷியன் வரைந்த ஓவியம் பிராதோவில். முதல்நாள் படத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் இரும்பைப் பார்ப்பது தனிச் சுகம்.

மறைந்திருக்கும் செலவுகள். திங்கள் முதல் வியாழன் வரை மாலையில் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம் என்று எல்லா வழிகாட்டிகளிலும் போட்டிருக்கும். அடுத்த வரியைத்தான் யாரும் படிப்பதில்லை. அந்தச் சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும், ஒன்றியத்தில் வசிப்பு உரிமையோ வேலை அனுமதியோ உள்ளவர்களுக்கும், இலத்தீன் அமெரிக்க நாட்டவர்களுக்கும் மட்டுமே. படிக்காதவர்களில் நானும் ஒருவன். ஜூன் வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, வாசலை நெருங்கியபோது அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நழுவினேன். சென்னையில் வாங்கிய சுற்றுலா விசா வசிப்பு உரிமை ஆகாது. பாரிஸிலோ ஜெர்மனியிலோ வசிப்பு அட்டையோடு இருக்கும் நம்மவர்களுக்கு இந்த நேரம் செல்லும். லண்டன்காரர்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டினால் இப்போது செல்லாது. சலுகை இருந்தாலும் வரிசையில் கரையும் நேரத்தைக் கழித்துப் பார்த்தால் உள்ளே ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். அரண்மனையில் ஓடக்கூடாது.

இரண்டாவது செலவு, கதவடைப்பு. வெளிநாட்டுத் தலைவர் வருகை, தூதர்கள் நியமனக் கடிதம் தரும் சடங்கு என்று அரசு நிகழ்ச்சி வந்தால் அரண்மனையைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள்; சில சமயம் அறிவிப்பு கடைசி நேரத்தில்தான் வரும். முதல்நாள் இரவே அதிகாரபூர்வ இணையதளத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். டிக்கெட்டையும் அங்கேயே எடுங்கள். தேடலில் முதலில் வந்து நிற்கும் இடைத்தரகர் தளங்கள் அதே டிக்கெட்டின்மேல் தங்கள் பங்கையும் ஏற்றிவைக்கும்.

மூன்றாவது, பழைய வழிகாட்டிப் புத்தகம். 2023இல் பக்கத்திலேயே அரச சேகரிப்புக் கூடம் திறந்தபின் பல பொருள்கள் அங்கே போய்விட்டன. கரவாஜ்ஜோவின் சலோமி ஓவியத்தைத் தேடி அரண்மனைக்குள் அலைய வேண்டாம். அது இப்போது அந்தக் கூடத்தில், தனி டிக்கெட்டில்.

## பேராலயத்துக்குள்

ஒரே கட்டடம், ஆனால் மூன்று வாசல்கள், மூன்று அனுபவங்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் மூன்றில் சுவாரசியம் குறைந்ததை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள்.

பைலேன் தெரு வாசல் நடுக்கூடத்துக்கு. கட்டாயக் கட்டணம் இல்லை. வாசலில் ஒரு யூரோ அளவில் நன்கொடை கேட்பார்கள், போட்டுவிடுங்கள். உள்ளே கோதிக் வளைவுகள், ஆனால் கூரையில் கண்ணைப் பறிக்கும் வண்ணக் கட்டங்கள். பீடத்துக்குப் பின்னால் கீகோ அர்குயேயோ தலைமையில் தீட்டிய, கீழைத் திருச்சபைப் பாணியிலான ஓவியங்கள். மாட்ரிட்காரர்களிலேயே இவற்றை ரசிப்போரும் முகம் சுளிப்போரும் உண்டு. எனக்குக் கூரை பிடிக்கவில்லை. அம்மாவுக்குக் கூரைதான் பிடித்தது. ஆனால் அல்முதேனா மாதாவின் பீடத்துக்கு ஏறும் படிகளையும், நகரின் காவலரான புனித இசிதோரின் உடலை வைத்திருந்த பதின்மூன்றாம் நூற்றாண்டு ஓவியப் பேழையையும் தவறவிடாதீர்கள். புதுக் கட்டடத்துக்குள் அந்தப் பேழை உண்மையாகவே பழையது. மாதாவின் பெயரும் பழையதே: ‘அல்முதேனா’ என்பது கோட்டைநகர் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மூர்களுக்கு (அன்று ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களுக்கு) அஞ்சிச் சுவருக்குள் ஒளித்துவைத்த சுரூபம், 1085இல் நகரம் கிறிஸ்தவர்கள் கைக்கு மாறியபின் சுவர் இடிந்து வெளிப்பட்டது என்பது ஐதீகம்.

திருப்பலி நடக்கும்போது சுற்றிப் பார்க்கக் கூடாது. கும்பிட வந்தவர் என்றால் அதுவே நல்ல நேரம். பார்க்க வந்தவர் என்றால் வெளியே காத்திருக்க வேண்டியதுதான்.

அரண்மனையைப் பார்த்த முகப்பு வாசல் அருங்காட்சியகத்துக்கும் குவிமாடத்துக்கும். இதற்குத் தனிக் கட்டணம். அருங்காட்சியகம் எனக்கு அத்தனை முக்கியமாகப் படவில்லை. ஆனால் மேலே போனதும் பன்னிரு சீடர்களின் பெரிய சிலைகளுக்கு நடுவே நின்று எதிரே முழு அரண்மனையையும், மேற்கே கீழிறங்கும் தோட்டங்களையும், தூரத்தில் குவாதர்ராமா மலையையும் பார்க்கலாம். அரண்மனையின் உருவம் முழுதாகப் பிடிபடுவது இங்கிருந்துதான்; அதற்குள் இரண்டு மணி நேரம் நடந்தாலும் அது தெரியாது.

இதில் ஒரு வில்லங்கம். இந்தப் பகுதி காலை 10 மணிக்குத் திறந்து பிற்பகல் இரண்டரைக்கே மூடிவிடும்; ஞாயிறன்று திறப்பதே இல்லை. ‘அரண்மனையை முடித்துவிட்டுச் சாயங்காலம் மேலே ஏறலாம்’ என்று வருகிறவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்க்கிறார்கள். படிகளும் உண்டு, முட்டிவலிக்காரர்கள் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது வாசல் மயோர் தெரு முடிந்து சரிவு இறங்கும் இடத்தில், நிலவறை ஆலயத்துக்கு. பேராலயத்தில் ஒன்றை மட்டும் பார்க்கச் சொன்னால் நான் இதைச் சொல்வேன். மேலே உள்ளதைவிட மூத்தது. 1911இல் வழிபாட்டுக்குத் திறந்தது. வட்டவளைவுகள் கொண்ட ரோமனெஸ்க் பாணியில் நானூறுக்கும் மேற்பட்ட தூண்கள். தலைப்பகுதிச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. கூட்டம் கிடையாது, வெயில் கிடையாது. வெளியே நாற்பது டிகிரி அடித்த பகலில் அம்மா இங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை முழுவதையும் சொல்லி முடித்தார். சுற்றுலாக் குழுக்கள் மேல்வாசலோடு திரும்பிவிடுவதால் கிடைத்த அமைதி அது.

பேராலயத்தின் கதையும் அரண்மனையோடு பின்னியதுதான். பன்னிரண்டாம் அல்ஃபோன்ஸோ 1878 ஜனவரியில் மெர்சேதெஸைக் கைப்பிடித்தார். ஐந்தே மாதத்தில், பதினெட்டாம் பிறந்தநாள் கழிந்து இரண்டாம் நாள், மெர்சேதெஸ் இறந்துபோனார். மன்னரைப் பெறாத அரசி என்பதால் மாட்ரிட்டுக்கு வெளியே உள்ள எஸ்கோரியல் மடாலயத்தில் மன்னர்கள் துயிலும் கல்லறை மண்டபத்தில் அவருக்கு இடமில்லை. அரண்மனைக்கு எதிரிலேயே எழவிருந்த ஆலயத்தில் அவரை வைக்க மன்னர் விரும்பினார். கட்டி முடிக்க நூறாண்டுக்கு மேல் ஆனது. மெர்சேதெஸ் இங்கே வந்து சேர்ந்தது 2000இல், இறந்து 122 ஆண்டுகள் கழித்து. மாதாவின் பீடத்தடியில் அந்தக் கல்லறையைத் தேடிப் பாருங்கள், சிறியதுதான். 2004 மே 22 அன்று இன்றைய மன்னர் ஃபெலிப்பே மணம் முடித்ததும் இங்கேதான். கொட்டிய மழையில், நடந்தால் சில நிமிடமே ஆகும் அந்தத் தூரத்தை மணமகள் காரில் கடந்தார்.

## இரண்டும் ஒரே நாளில்

முழு நாள் கையில் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் எல்லோரும் போகும் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். 10 மணிக்குக் குவிமாடம், பிறகு நடுக்கூடம், வெயில் ஏறும்போது நிலவறை, சாப்பாடு, அதன்பின் நேரம் குறித்து எடுத்த டிக்கெட்டோடு அரண்மனை. புதன் அல்லது சனிக்கிழமை என்றால் முற்பகலில் அரண்மனையின் இளவரசர் வாசலில் காவலர் மாற்றமும் கிடைக்கலாம். ஆகஸ்ட், செப்டம்பர், ஜனவரி தவிர்த்த மாதங்களின் முதல் புதன் நண்பகலில் குதிரைப்படையோடு பெரிய சடங்கு நடக்கும். மழையோ அரசு நிகழ்ச்சியோ வந்தால் இரண்டும் இல்லை.

அதே நாளில் அரச சேகரிப்புக் கூடத்தையும் சேர்க்காதீர்கள். அடித்தளத்தில் ஒன்பதாம் நூற்றாண்டு அரபு மதில், தளம் தளமாக இறங்கும் திரைச்சீலைகள், கோச்சு வண்டிகள் என்று அதற்கே ஒரு அரை நாள் வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் பார்த்தவர்களுக்குக் கடைசியில் எல்லாத் தங்கமும் ஒரே தங்கமாகத் தெரியும்.

## வழிகாட்டியோடு குழுவாக

வரலாற்றைக் கேட்டு நடக்க விரும்புவோருக்கு இது நல்லதே, வரிசையும் மிச்சம். ஆனால் முன்பதிவில் எழுதியிருப்பதை எழுத்தெண்ணிப் படியுங்கள். முதல்முறை நான் பணம் கட்டிய ஒரு நடைப்பயணத்தில் ‘அரண்மனையும் பேராலயமும்’ என்று தலைப்பு இருந்தது. பேராலயத்துக்கு அவர்கள் ஒதுக்கியது வெளிப்படிகளில் ஏழு நிமிடம். ‘உள்நுழைவு சேர்த்து’ என்ற சொல் இரண்டு இடங்களுக்கும் தனித்தனியே இருக்கிறதா என்று பாருங்கள்.

## ஒரு பார்வையில்

| | அரண்மனை | பேராலயம் | இரண்டும் |
|---|---|---|---|
| தேவையான நேரம் | 2 மணிக்கு மேல் | நடுக்கூடம் மட்டும் அரை மணி. முழுவதும் 2 மணி | முழு நாள் |
| பணம் | டிக்கெட். இந்தியச் சுற்றுலாப் பயணிக்கு மாலை இலவசம் கிடையாது | நடுக்கூடத்துக்கு நன்கொடை. குவிமாடத்துக்குக் கட்டணம் | இரண்டு கட்டணமும் |
| முட்டிவலி | தாழ்ந்த படி, நீண்ட நடை | நடுக்கூடம் எளிது, குவிமாடம் கடினம் | இடையில் ஓய்வு கட்டாயம் |
| தவிர்க்க வேண்டிய நேரம் | அரசு நிகழ்ச்சி நாள். சீக்கிரம் மூடும் ஞாயிறு | குவிமாடத்துக்குப் பிற்பகலும் ஞாயிறும் | ஞாயிறு |

## யாருக்கு எது

வாழ்நாளில் ஒருமுறைதான் மாட்ரிட், கையில் அரை நாள், கால் திடம் என்றால் அரண்மனைக்குப் பணம் கொடுங்கள். முடித்துவிட்டுப் பைலேன் தெரு வாசலில் பத்து நிமிடம் எட்டிப்பாருங்கள், போதும்.

வெர்சாய், வியன்னா என்று ஏற்கெனவே இரண்டு மூன்று அரண்மனைகளைப் பார்த்துச் சலித்து வருகிறவர்கள் நேராகக் குவிமாடத்துக்கும் நிலவறைக்கும் போகலாம். அரண்மனையை மேலிருந்து பார்த்ததாகவும் ஆயிற்று.

பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்தால், ஆயுதசாலை திறந்திருக்கும் நாளில் மட்டும் அரண்மனை. மூடியிருந்தால் பிளாசா தெ ஓரியென்தேயில் நான்காம் ஃபெலிப்பே சிலையைக் காட்டுங்கள். குதிரை பின்னங்கால்களில் மட்டும் எப்படி விழாமல் நிற்கிறது என்ற கணக்குக்குக் கலிலியோ யோசனை சொன்னதாகக் கதை உண்டு. அங்கிருந்து சபாத்தினி தோட்டம், ஓட விடலாம், காசு கிடையாது. கம்போ தெல் மோரோ தோட்டமும் இலவசமே, ஆனால் பள்ளத்தில் இருக்கிறது. இறங்கிய உற்சாகம் ஏறும்போது இருக்காது.

ஞாயிறு பிற்பகல்தான் கிடைத்தது என்றால் இரண்டுக்கும் அது மோசமான நேரம். திருப்பலி இல்லாத இடைவெளியில் நடுக்கூடத்துக்குள் போய்வந்து, பிறகு பேராலயத்தின் பின்புறச் சரிவில் இறங்கி, முகமது எமீரின் பெயரில் உள்ள சிறு பூங்காவில் மிஞ்சியிருக்கும் அரபு மதிலைப் பாருங்கள். இந்த நகரத்தை நிறுவியவர் அவர். அங்கிருந்து மேலே ஏறி வந்தால் ஓப்பரா மெட்ரோ நிலையம் பத்து நிமிட நடை.